தெருவில் குப்பை, தெருவில் நாய்: அபராதச் சீட்டு எதுவரை போகும்?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் காலி மனைச் சுவர்களில் 'இங்கு குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எழுத்துக்கு அடியிலேயே குப்பை கிடப்பதும் பழகிப்போன காட்சிதான். இதற்கு நடுவே தெரு நாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அபராதம் போட யாருக்கு அதிகாரம்? எந்தச் சட்டத்தில்? பக்கத்து வீட்டுக்காரர் காலையில் நடத்திக் கூட்டிப்போகும் நாய் நம் வாசலில் அசிங்கம் செய்தால் புகார் கொடுக்கலாமா? அதையே தெரு நாய் செய்தால்?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குப்பை போடுபவருக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. வளர்ப்பு நாயின் உரிமையாளரைப் பிடிக்க வழி உண்டு, ஆனால் அது குறுகலான வழி. நம் ஊர்த் தெருக்களில் கிடக்கும் நாய் மலத்தில் பெரும்பங்கு உரிமையாளரே இல்லாத நாய்களுடையது. அதை எந்த அபராதச் சீட்டாலும் தொட முடியாது. அங்கே வேலை செய்வது குப்பை மேலாண்மையும் கருத்தடையும்தான். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், உங்கள் தெரு யார் பொறுப்பில் இருக்கிறது?

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சிகள். ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், காவேரிப்பட்டினம், பர்கூர் போன்றவை பேரூராட்சிகள். மற்ற ஊர்களெல்லாம் ஊராட்சிகள். இதில் எதன் எல்லைக்குள் குப்பை விழுந்ததோ, அந்த உள்ளாட்சிதான் நடவடிக்கை எடுக்க முடியும்.

கேட்க எளிதாக இருந்தாலும் சிக்கல் தொடங்குவது இங்கேதான். நகரை ஒட்டி வளர்ந்த இலக்கியம்பட்டி, கட்டிகானப்பள்ளி போன்ற பகுதிகள் பார்வைக்கு நகரம், நிர்வாகத்தில் நீண்ட காலம் ஊராட்சி. சாலையின் இந்தப் பக்கம் நகராட்சி வண்டி வரும், அந்தப் பக்கம் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் வருவார்கள். தேசிய நெடுஞ்சாலை 44இன் ஓரம் நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. ஏரிக்கரை என்றால் நீர்வளத் துறையும் உள்ளே வரும். இரவில் டெம்போவில் கழிவைக் கொண்டுவந்து கொட்டுபவர்களுக்கு இந்த எல்லைகள் நன்றாகத் தெரியும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் இடமாகப் பார்த்துத்தான் கொட்டுகிறார்கள்.

எல்லைகளை அரசு அவ்வப்போது மாற்றி அமைக்கிறது. அதனால் புகார் எழுதும் முன் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் போக வேண்டும்.

அபராதம் எந்தச் சட்டத்தில் நிற்கிறது?

ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு ஒரு தொகையைச் சொல்லி வாங்கிவிட முடியாது. அந்தத் தொகைக்குப் பின்னால் பல அடுக்குகள் இருக்க வேண்டும்.

1. அரசியல் சாசனம். 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் 12ஆவது அட்டவணையைக் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் நகர உள்ளாட்சியின் வேலைகளாக அதில் இருக்கின்றன.

2. மாநிலச் சட்டம். நகராட்சிகள் மிக நீண்ட காலம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இயங்கின. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம்.

3. மத்திய அரசின் விதிகள். அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000இல் முதல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016இல் வெளியான விதிகள்தான் பெரிய மாற்றம். வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும்; தெருவில், சாக்கடையில், நீர்நிலையில் போடக் கூடாது; எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று குப்பையை உண்டாக்குபவரின் கடமைகளாக அவை எழுதின. மீறுவோருக்கு உடனடி அபராதம் விதிக்க வழிசெய்யும்படி உள்ளாட்சிகளுக்கும் கட்டளையிட்டன. இவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. இப்போது பிரிக்க வேண்டியது நான்காக: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயாபர் போன்ற சுகாதாரக் கழிவு, பெயிண்ட் டப்பா, பல்பு, காலாவதியான மருந்து போன்ற தனிக் கவனக் கழிவு.

4. உள்ளாட்சியின் துணை விதிகள். எந்தத் தவறுக்கு எவ்வளவு, யார் வசூலிக்கலாம் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகும். தொகை ஊருக்கு ஊர் மாறுவதும் இதனால்தான். சென்னையின் அபராதப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தால், அது தருமபுரிக்குச் செல்லாது.

5. குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆவது பிரிவு, பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இது காவல்துறை, நீதிமன்றம் வழியாகப் போகும் பாதை. நகராட்சி அலுவலர் தெருவில் சீட்டுக் கிழித்து வசூலிக்கும் பணம் வேறு.

இந்த ஐந்தில் பொதுவாக ஆட்டம் காண்பது நான்காவது. மேலே உள்ள சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், உள்ளூர் மன்றம் அதைத் தொகையாகவும் நடைமுறையாகவும் மாற்றி அறிவிக்காவிட்டால், சுவரில் எழுதிய எச்சரிக்கை வெறும் பெயிண்ட்தான்.

ஊருக்கு ஊர் மாறாத அபராதங்கள்

சில தொகைகளில் உள்ளூர் வேறுபாடு கிடையாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. அதே ஆண்டு ஜூனில் அபராதமும் நடைமுறைக்கு வந்தது. சேமித்து வைப்பவர், மொத்தமாக அனுப்புபவர், வண்டியில் ஏற்றிச் செல்பவர் ஆகியோருக்கு முதல் முறை 25,000, இரண்டாம் முறை 50,000, மூன்றாம் முறை 1 லட்சம் ரூபாய். பெரிய வணிக வளாகங்களுக்கு 10,000இல் தொடங்கும். மளிகைக் கடை, மருந்துக் கடை போன்ற நடுத்தரக் கடைகளுக்கு 1,000. தெருவோரச் சிறு வியாபாரிக்கு 100, 200, 500.

சிறு வியாபாரிக்குக் குறைவாகவும் மொத்த வியாபாரிக்கு அதிகமாகவும் வைத்தது சரியான கணக்கு. நடைமுறையில் அதிகம் மாட்டுவது யார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பூக்காரம்மாவின் கூடையில் இருக்கும் கவரைப் பறிமுதல் செய்வது ஐந்து நிமிட வேலை. அந்தக் கவர் எந்தக் குடோனிலிருந்து வந்தது என்று போய்ப் பார்க்க நாள்கணக்கில் உழைப்பு வேண்டும். அதைச் செய்யாத சோதனைகளால் சந்தையில் கவர் குறையாது.

குப்பையை எரிப்பதும் இந்த வகைதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையையும் சொன்னது. தனியார் மட்டுமல்ல, குவித்த சருகையும் கவரையும் ஓரமாகக் கொளுத்திவிடும் உள்ளாட்சி ஊழியருக்கும் அந்தத் தடை பொருந்தும்.

இன்னொரு விஷயம். வீடுதோறும் வாங்கும் குப்பைக் கட்டணம் வேறு, அபராதம் வேறு. கட்டணம் என்பது குப்பையை எடுத்துச் செல்லும் சேவைக்கான காசு. அதைக் கட்டிவிட்டதால் தெருவில் போடும் உரிமை வந்துவிடாது. அபராதம் கட்டியவருக்கு அந்த மாதக் கட்டணம் கழிந்துவிடுவதும் இல்லை.

சீட்டு எழுதும் முன் நான்கு கேள்விகள்

1. எழுதுபவருக்கு அதிகாரம் இருக்கிறதா? நகராட்சி ஆணையாளரின் கீழ் துப்புரவு அலுவலர், துப்புரவு ஆய்வாளர் போன்றோருக்கு அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தானாக வசூலிக்க முடியாது.

2. செய்தவர் யார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? நேரில் பார்த்தது, கேமரா பதிவு, வண்டி எண் என்று ஏதாவது வேண்டும். குப்பைப் பையில் ஒருவரின் பெயர் எழுதிய கூரியர் கவர் கிடந்தது என்பது விசாரிக்க நல்ல தொடக்கம். அவர்தான் கொட்டினார் என்று அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

3. ரசீது இருக்கிறதா? அச்சிட்ட எண், தேதி, தவறின் விவரம், எந்த விதி என்பதோடு ரசீது தர வேண்டும். ரசீது இல்லாமல் கைமாறும் காசு நகராட்சிக்குப் போகாது. கேட்டு வாங்குங்கள்.

4. குப்பையைப் போட வேறு வழி இருந்ததா? சட்டம் வெளிப்படையாகக் கேட்காத கேள்வி இது. ஆனால் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

நான்காவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தெருக்களில் பொதுத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடு வீடாக வண்டி வந்து வாங்கும் முறைக்கு நகராட்சிகள் மாறின. கொள்கை சரிதான். ஆனால் வண்டி காலை ஏழரைக்கு வருகிறது என்று வையுங்கள். கணவனும் மனைவியும் ஆறரைக்கே ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடும் வீட்டில் அந்தப் பையை யார் கொடுப்பது? வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் கிழிக்கும். உள்ளே வைத்தால் மூன்றாம் நாள் நாறும். கடைசியில் அது வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கி, போகும் வழியில் பாலத்துக்கு அடியில் விழுகிறது. அந்த வீட்டுக்கு 500 ரூபாய் சீட்டு எழுதினால் அடுத்த முறை அவர்கள் இன்னும் இருட்டான இடமாகத் தேடுவார்கள். அந்தத் தெருவுக்கு மாலையில் ஒரு முறை வண்டி அனுப்பினால் பாலத்தடியில் பை விழ வேண்டிய தேவையே இருக்காது. சேவை ஒழுங்காக இருக்கும் தெருவில் அபராதம் நியாயமாகவும் இருக்கும், பயனும் தரும். வண்டியே வராத தெருவில் அபராதம் போடுவதை நான் ஏற்கவில்லை.

ஓர் ஆள் போடும் கவரும், ஒரு தொழில் கொட்டும் கழிவும்

இந்த இரண்டு மாவட்டங்களின் குப்பைக்குத் தனிக் குணம் உண்டு. விலை சரியும்போது பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத நாளில் அந்த விவசாயியிடம் அபராதச் சீட்டை நீட்டுவது கொடுமை. அது விலை நிலைக்காததன் விளைவு. சந்தையிலேயே உரக்குழி வைத்தால் கழிவாவது மண்ணுக்குப் போகும்.

மாம்பழக் கூழ் ஆலைகளின் கதை வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சீசனில் தோலும் கொட்டையும் டன் கணக்கில் சேரும். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று விதிகள் தனியாக வகைப்படுத்துகின்றன. திருமண மண்டபம், பெரிய ஓட்டல், விடுதி எல்லாம் இந்தக் கணக்கில் வரலாம். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை மண்டபத்துப் பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள். எச்சில் இலை, தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், அதன்மேல் பத்து நாய். அபராதத்தில் முதல் கவனம் வேண்டியது இங்கே.

ஒகேனக்கல்லையும் சொல்லாமல் விட முடியாது. பென்னாகரம் ஒன்றியம் கூத்தப்பாடி ஊராட்சியில் இருக்கும் இடம் அது. ஆடிப்பெருக்குக்குத் திரளும் கூட்டத்தை ஓர் ஊராட்சியின் ஆள்பலம் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் மசாஜ் முடித்துக் குளிக்கும் துறையில் பாறை இடுக்குகளைக் கவனித்தால் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலைகள் சிக்கியிருக்கும். பாக்கெட்டையாவது கையால் பொறுக்கிவிடலாம். நகக்கண் அளவுள்ள அந்த மூலையைப் பொறுக்க முடியாது. அடுத்த வெள்ளத்தில் நேராக ஆற்றில் போகும். குளித்துவிட்டுப் பஸ் ஏறிவிடும் பயணியைத் தேடிப் பிடிப்பதைவிட, துறைப் பக்கம் பாக்கெட் விற்பதையே நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம்.

வளர்ப்பு நாய்: உரிமையாளரைக் கேட்கலாமா?

மாட்டுச் சாணத்தோடு பழகிய ஊர் என்பதால் நாய் மலத்தையும் 'மண்ணோடு மக்கிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. குடற்புழு உள்ள நாயின் மலத்தில் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கும். அவை வெளிவந்த உடனே தொற்றாது. மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். பிறகு அங்கேயே நெடுநாள் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது உள்ளே போகும். அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்கால் தோல் வழியாகவே நுழையும். அன்றைக்கே அள்ளிவிட்டால் டாக்ஸோகாரா ஆபத்து அங்கேயே முடிந்துவிடுகிறது. நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுத்தால் வேரிலேயே குறையும்.

சட்டத்துக்கு வருவோம். தெருவில் மலத்தை விட்டுச் செல்வதைக் கழிவை வீசுவதாகக் கொண்டு உள்ளாட்சி தன் துணை விதியில் தொகை வைக்கலாம். அப்படி எழுதி வைத்திருந்தால்தான் சீட்டு எழுத முடியும். எழுதாத ஊரில் பொதுத் தொல்லைப் பிரிவுதான் மிச்சம். ஒரு நாளைய அசிங்கத்துக்கு அந்தப் பாதை நீளம். நாயைக் கட்டாமல் அலட்சியமாக விட்டு, அதனால் ஆபத்து வரும் நிலை இருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கிலாந்தில் நாய் மலத்துக்கு அபராதம் என்று செய்தி படித்துவிட்டு 'நம்மூரில் ஏன் முடியாது' என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இதற்கென்று 1996இல் தனிச் சட்டமே இருந்தது. இப்போது 2014ஆம் ஆண்டின் சட்டப்படி உள்ளாட்சி தன் பகுதிக்கு ஓர் உத்தரவு போடுகிறது. மீறினால் உடனடி அபராதம். கட்டினால் வழக்கு இல்லை, கட்டாவிட்டால் நீதிமன்றம். குப்பை வீசுவதற்கு 2023 முதல் 500 பவுண்டு வரை போடலாம். இது ஓரளவு நடப்பதற்குக் காரணம், அங்கே தெரு நாய் என்ற ஒன்று கிட்டத்தட்ட இல்லை. கிடக்கும் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். தருமபுரியின் குமாரசாமிப்பேட்டையிலோ காந்தி சிலைப் பக்கமோ அப்படிச் சொல்ல முடியுமா? அந்த முறையை அப்படியே இங்கே இறக்கினால், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நடப்பவர் மட்டும் மாட்டுவார்.

தெரு நாய்: நீதிமன்றம் சொன்னது என்ன?

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, டெல்லிப் பகுதித் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது; கண்ட இடத்தில் உணவு வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் வைக்க வேண்டும். வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவிட்டது.

இவற்றுக்கு அடித்தளம் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள். செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சியுடையது. கருத்தடை முடிந்த நாய்க்குக் காதில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். உங்கள் தெருவில் எத்தனை நாய்க்கு அந்த வெட்டு இருக்கிறது என்று பார்த்தாலே வேலை நடந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

குப்பையும் நாயும் ஒரே பிரச்சினையாவது இங்கேதான். தெரு நாய் ஓரிடத்தில் நிலைப்பது சோறு கிடைப்பதால். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கட்டும்போது கோழிக்கடைக்காரர் ஒரு சாக்கு இறகையும் குடலையும் ஏரிக்கரையில் வீசினால், ஒரு நாய்க் கூட்டத்துக்கே வாராவாரம் விருந்து. அங்கே பெருகும் நாய்களின் மலம் பக்கத்துத் தெருக்களில் விழும்; பைக்கில் போகிறவரைத் துரத்துவதும் அந்தக் கூட்டம்தான். கருத்தடை மட்டும் செய்து தீனியை அப்படியே விட்டால் வேறு பகுதி நாய் வந்து சேரும். இறைச்சிக் கடைகளின் கழிவை நகராட்சி தனி வண்டியில் தினமும் வாங்கிக்கொண்டு, அதன்பிறகும் வீசும் கடைக்கு உரிமத்தில் கை வைத்தால், அந்த ஒரு நடவடிக்கை குப்பை, நாய், மலம் மூன்றையும் சேர்த்துக் குறைக்கும். தூய்மைப் பணிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் செலவாக இதைத்தான் நான் கேட்பேன்.

உள்ளாட்சியே செய்யாவிட்டால்?

'நிதி இல்லை' என்பதுதான் வழக்கமான பதில். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி இதே பதிலை உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த ஒரு பகுதி மக்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் எழுதிய தீர்ப்பு, பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் சட்டக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. அந்த மக்கள் பயன்படுத்திய பிரிவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

1. முதலில் ஆணையாளருக்கு எழுத்தில் புகார். தேதியோடு படம், இடத்தின் அடையாளம், ஒப்புகைச் சீட்டு மூன்றும் வேண்டும். பதில் இல்லாவிட்டால் 1100 உதவி எண், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

2. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றைக் கேளுங்கள்: குப்பை அபராதம் பற்றிய துணை விதி அல்லது மன்றத் தீர்மானத்தின் நகல், கடந்த நிதியாண்டில் வசூலான அபராதம், கருத்தடை செய்த நாய்களின் எண்ணிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

3. அதற்கும் அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, அதாவது ரத்லம் மக்கள் பயன்படுத்திய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுத் தொல்லையை நீக்கும்படி நிர்வாக நடுவரான வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் வருவாய்க் கோட்டாட்சியர்களிடமும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் மனு கொடுக்கலாம். தெருக்காரர்கள் பலர் சேர்ந்து கையெழுத்திட்டு, முதல் இரண்டு படிகளில் கிடைத்த ஒப்புகைகளையும் பதில்களையும் இணைத்துக் கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும்.